ஆர்வோ சொல்லாமல் வைத்திருந்தது

அந்த வருஷம் நவம்பர் நடுவில் பிடித்த பனி மார்ச் பிறந்தும் விட்டபாடில்லை. பெரிய ஏரியின் மேல் காற்று வடமேற்காகத் திரும்பினால் ஹெய்னா லேக் ஜனங்கள் வானத்தைப் பார்ப்பதில்லை, அவரவர் கூரையைத்தான் பார்ப்பார்கள். மூன்றடி ஏறிவிட்டால் ஏணியைச் சாத்தி மேலே போய் வழித்துத் தள்ள வேண்டும். அசந்தால் உத்தரம் முனகும்.

நாடின் ரூலோ வண்டியை நிறுத்தியபோது ஆர்வோ லெய்னோனன் கூரையின் உச்சியில் இருந்தார். அறுபத்தொரு வயது. இடது தோள் பாதிக்கு மேல் எழும்பாது. வலது கையாலேயே தள்ளுகட்டையைப் பிடித்து, இடுப்பால் நெட்டிக்கொண்டிருந்தார். பெட்டி பெட்டியாகப் பெயர்ந்த பனி சறுக்கி வந்து தொப்தொப்பென்று முற்றத்தில் விழுந்தது.

"இறங்குங்க ஆர்வோ! டாக்டர் என்ன சொல்லி அனுப்பினாரு?"

"கூரையில ஏறாதேன்னாரு. கூரை என்னிக்கி உள்ள இறங்கும்னு அவரு சொல்லலயே."

"உங்க தங்கச்சி வீட்டுக்காரரக் கூப்பிடலாம்ல?"

"அவன் வந்தா ஐலியும் வருவா. அதுக்குக் கூரையே விழுந்துடலாம்."

சொல்லி வாய் மூடுமுன் ஐலியின் நீலநிற வண்டி பின்னாலேயே வந்து நின்றது. ஆர்வோ வானத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, ஏணியில் காலை வைத்தார்.

நாடினுக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருஷம் ஷெரீப் அலுவலகத்தில் அவசர அழைப்புகளை எடுக்கும் வேலை பார்த்தவள். காதில் அலறலைக் கேட்டு, முகவரியை வாங்கி, வண்டியை அனுப்புவாள். வண்டி போய்ச் சேர்ந்ததும் போன் வைக்கப்பட்டுவிடும். அந்தப் பெண் பிழைத்தாளா, அந்தப் பிள்ளை கிடைத்தானா, ஒன்றும் தெரியாது. பத்தொன்பது வருஷமும் பாதியில் அறுந்த கதைகள். அது தாளாமல்தான் அவள் அரசு வக்கீல் அலுவலகத்தில் இந்த வேலைக்கு வந்தாள். அடிபட்டவர்களுக்குத் துணை நிற்கும் வேலை. ஆறு வருஷமாகப் பெல் ஹார்பர் மனநல நீதிமன்றத்துக்கும் அவளேதான்.

அந்த நீதிமன்றம் மற்றவை மாதிரி இல்லை. மனசு புரண்டிருந்த நேரத்தில் குற்றம் செய்தவர்களை ஜெயிலுக்கு அனுப்பாமல், மருந்து, விடுதி, வாராந்திரச் சந்திப்பு என்று கட்டிவைத்துத் தேற்றுகிற இடம். ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் கூடும். நீதிபதி ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைத்து, "இந்த ரெண்டு வாரம் எப்படிப் போச்சு?" என்று கேட்பார். ஒழுங்காக இருந்தவருக்கு அறை முழுக்கக் கைதட்டும். நல்ல காரியம்தான், நாடின் மறுக்கமாட்டாள். ஆனால் அங்கே எல்லோரும் விசாரிப்பது அடித்தவரைப் பற்றித்தான். அடிபட்டவர் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், தானும் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல். அந்தப் பெஞ்சில் பக்கத்தில் உட்காருவதுதான் நாடினுக்குச் சம்பளம்.

ஆர்வோ அந்தப் பெஞ்சில் பத்தொன்பது வியாழக்கிழமை உட்கார்ந்திருக்கிறார். கவுன்டியின் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர், அந்த நாட்களில் மட்டும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு நாற்பது மைல் வருவார். முன்வரிசையில் அவர் மனைவி மேவிஸ். அவளும் அவரும் நெருங்கவோ பேசவோ கூடாது என்று உத்தரவு. அவள் திரும்பிப் பார்க்கக் கூடாது, அவர் நெருங்கக் கூடாது. பதின்மூன்று மாதமாக அவர் பார்த்ததெல்லாம் அவள் பிடரியை மட்டுமே. ஒருமுறை நாடினின் காதில், "முடிய வெட்டிட்டா. யாரோ கோணலா வெட்டி விட்டிருக்காங்க," என்றார். 

இரண்டு பேருக்கும் பிள்ளைகள் இல்லை. முப்பத்திநாலு வருஷத் தாம்பத்தியம். மேவிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திநாலு வருஷம் வேலை பார்த்தவள். கிறிஸ்துமஸுக்கு அவள் பின்னிச் சுடும் ஏலக்காய் ரொட்டிக்கு ஊரில் முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். இளவயதிலிருந்தே அவளுக்கு மனசு புரளும் அந்த நோய் உண்டு. லித்தியம் மாத்திரை அதைக் கட்டிவைத்திருந்தது. போன வருஷக் குளிர்காலத்தில் மாத்திரையால் கை நடுக்கம் அதிகமாகி, மாவைப் பின்ன முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டாள். பிப்ரவரியில் ஒன்பது நாள் தூக்கமில்லை. பத்தாம் நாள் மத்தியானம், லாரியை விட்டுவிட்டு ஆர்வோ வீட்டுக்குள் வந்தபோது, அவள் சமையலறையில் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யார் நீ? ஆர்வோ எங்க? அவர என்ன பண்ணின?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். அடுப்போரம் இருந்த விறகுக் கோடரியை எடுத்தாள். கோடரி திரும்பி, அதன் முதுகுப்பக்கம் விழுந்ததால் காறை எலும்போடும் காதோடும் போயிற்று.

வீட்டுக்குள் ஐலி அடுப்பில் பேஸ்டிகளைச் சூடாக்கினாள். மாட்டிறைச்சியும் உருளையும் கோசுக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்டவை. தட்டை வைக்கும் சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்தது.

"வியாழக்கிழமை அவள விட்டுடறாங்களாமே?" என்றாள் நாடினிடம்.

"விடறது இல்லங்க. வீட்டுக்கு வரலாமான்னு நீதிபதி முடிவு பண்ணுவாங்க."

"வீட்டுக்கு! கோடரியால வெட்டினவ வீட்டுக்கு!"

"வெட்டல. அடிச்சா," என்றார் ஆர்வோ, பேஸ்டியைக் கடித்தபடி.

"ஆகா, என்ன தாராளம்! அரை அங்குலம் திரும்பியிருந்தா உன்ன நாங்க மே மாசம் மண்ணு இளகின பிறகுதான் புதைச்சிருக்கணும். அதுவரைக்கும் கல்லறைக் கொட்டகையில கிடந்திருப்ப."

"அங்க குளுகுளுன்னு நிம்மதியா இருந்திருக்கும். நீ வந்து பேச மாட்ட."

"அவ வந்தான்னா நான் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன் ஆர்வோ. சொல்லிட்டேன்."

"சரி. பேஸ்டிய வெளியவே வெச்சுட்டுப் போ. கெடாது, குளிர்தான."

ஐலி கைத்துணியை மேஜையில் எறிந்தாள். கண் கலங்கிவிட்டது. "எங்க அம்மா போன பிறகு பொறந்த வீட்டுல எனக்குன்னு இருக்கறது இவன் ஒருத்தன்தான்," என்று நாடினிடம் சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டினாள். போகும்போது மூன்று பேஸ்டியை உறைபெட்டியில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

நாடின் கைகழுவ உள்ளே போனாள். நடையில் படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. அதன் உட்புறத்தில் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று புத்தம் புதுசாக மின்னியது. பழைய மரத்தில் திருகாணிகளைச் சுற்றி உதிர்ந்த தூள்கூட இன்னும் துடைக்கப்படவில்லை. தனியாக இருக்கிற ஆள். யாருக்கு எதிராக உள்ளேயிருந்து தாழ் போடுகிறார்?

அவள் பையில் அவர் கையெழுத்திட்ட காகிதம் இருந்தது. ஜனவரியில் எழுதியது. அவர் சொல்லச் சொல்ல அவளேதான் எழுதினாள். அன்றைக்குத் தான் எதையோ கேட்காமல் விட்டது இப்போது அவளுக்குப் புரிந்தது.

திரும்பி வந்து மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஆர்வோ, இத ஒருதடவ படிக்கறேன். நீங்க சொன்னதுதானான்னு மட்டும் சொல்லுங்க. மாத்தச் சொல்லி நான் வரல." படித்தாள். "'என் மனைவி வீட்டுக்கு வர எனக்கு முழுச் சம்மதம். எனக்கு அவளிடம் எந்தப் பயமும் இல்லை.'"

வெளியே கூரையிலிருந்து கடைசிப் பனிக்கட்டி சரிந்து விழுந்தது. ஆர்வோ காப்பிக் குவளையைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"கதவப் பாத்துட்ட," என்றார்.

"பாத்தேன்."

"போன வாரம் போட்டேன். அவ வர்ற தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் போயிடுச்சு. தாழ்ப்பாளப் போட்டுட்டுக் கட்டில்ல உக்காந்து அதையே பாத்துட்டிருக்கேன். அவ வந்தா எங்க படுப்பா? நான் உள்ள, அவ வெளியவா? பைத்தியக்காரத்தனமா இல்ல?"

"இல்ல."

"கோடரிக்கு இல்லம்மா. கோடரி என்ன, ஒரு அடி. எலும்பு கூடிடுச்சு." அவர் கை தோளுக்குப் போய்த் திரும்பியது. "அந்தப் பார்வைதான். இந்த அடுப்புக்கிட்டதான் நின்னா. முப்பத்திநாலு வருஷமா தெனம் காலைல என்னப் பாத்த கண்ணு. அதுல நான் இல்ல. அவ பாக்கறா, அங்க நான் இல்லவே இல்ல. அந்த ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நாந்தான் ஆர்வோவான்னு. இன்னொரு காலைல எந்திரிச்சு அவ அப்படிப் பாத்தா? அதுக்குத் தாழ்ப்பா இருக்கா?"

நாடின் கையிலிருந்த காகிதத்தை மடித்தாள்.

"ஆனா அவ இல்லாமயும் முடியல," என்றார் அவர். "சனிக்கிழமையானா நாங்க சேந்து குளிக்கற வெந்நீர்க் கொட்டகையில அடுப்பு மூட்டறேன். ரெண்டு துண்டு எடுத்து வெக்கறேன். கை தானா வெக்குது. அப்புறம் ஒண்ண உள்ள கொண்டாந்து மடிச்சு வெக்கறேன்."

"இதத்தான் நீதிபதி கேக்கணும்."

"கூடாது!" குவளை தட்டில் மோதியது. "அவ கேப்பாளே. முன்னாடியே உக்காந்திருப்பா. பதிமூணு மாசம் பல்லக் கடிச்சுட்டு ஏறி வந்திருக்கா. புருஷன் தன்னைப் பாத்து நடுங்கறான்னு கேட்டா மறுபடி விழுந்துடுவா. அதுக்கு நான் பொய் சொல்லிட்டுப் போறேன். என்ன பெரிய பொய்."

"விழலாம். விழாமயும் இருக்கலாம். எனக்குத் தெரியாது ஆர்வோ. தெரியும்னு சொன்னா நானும் பொய் சொல்றவதான்." நாடின் காகிதத்தை மேஜையில் வைத்தாள். "ஆனா முப்பத்திநாலு வருஷம் உங்ககூட இருந்தவ. நீங்க தூங்கறீங்களா, தூங்கற மாதிரி கிடக்கறீங்களான்னு அவளுக்கா தெரியாது?"

ஆர்வோ கண்ணாடியை எடுத்து மாட்டினார். "நான் சொல்றேன். நீ எழுது. அங்க நீயே படி. எனக்கு வாய் வராது."

வியாழக்கிழமை காலை விசாரணைக்கு முன்னால், மூடிய அறைக்குள் மேவிஸும் ஆர்வோவும் தவிர எல்லோரும் கூடினார்கள். நன்னடத்தை அதிகாரி கோப்பைப் புரட்டி, "மேவிஸ் லெய்னோனன். மருந்து சரி, ரத்தப் பரிசோதனை சரி, ஒரு சந்திப்புகூடத் தவறல. கணவர் சம்மதம் இருக்கு. இன்னைக்கி உத்தரவ எடுத்துடலாம்," என்றார்.

"கணவர் புதுசா ஒண்ணு எழுதியிருக்கார்," என்றாள் நாடின்.

மேவிஸின் வக்கீல் பேனாவை மேஜையில் போட்டார். "நாடின், கடைசி நிமிஷத்துலயா? அந்தம்மா நேத்தே பெட்டி கட்டி வெச்சுட்டாங்க."

பெட்டி கட்டி வைத்துவிட்டாள் என்பது நாடினுக்கு எங்கோ குத்தியது. ஆனாலும் சொன்னாள்: "அவங்களுக்கு நீங்க இருக்கீங்க, டாக்டர் இருக்காரு, இந்த மேஜையே இருக்கு. அவருக்கு நான் ஒருத்திதான்."

நீதிபதி ட்ரெம்பாத் தலைநரைத்த அம்மாள். சுரங்கக்காரக் குடும்பத்துப் பெண், அதிகம் பேசமாட்டார். "படிக்கட்டும்," என்றார்.

நீதிமன்றம் கூடியபோது அறைக்குள் இருபது பேர் இருந்தார்கள். மேவிஸ் முன்வரிசையில் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். ஆர்வோ கடைசிப் பெஞ்சில். நாடின் நடுவே நடந்துபோய் நின்று காகிதத்தைப் பிரித்தாள். 

"'மேவிஸ் வீட்டுக்கு வர வேண்டும் என்று ஜனவரியில் சொன்னேன். அது நிஜம். பயமில்லை என்றும் சொன்னேன். அது நிஜமில்லை. அவள் என்னை அடித்ததற்காக அல்ல. அவள் என்னைப் பார்த்தபோது என்னைத் தெரியவில்லை. அது மறுபடி நடக்குமோ என்று பயப்படுகிறேன். எனக்குத் தூக்கம் இல்லை. அவளுக்கு எந்தத் தண்டனையும் வேண்டாம். எனக்கு அவள் வேண்டும். ஆனால் இந்த வாரம் முடியாது. இதைச் சொல்வதற்கு என்னை மன்னிக்கச் சொல்லுங்கள்.'"

படித்து முடித்தபோது மேவிஸின் தோள்கள் மேலே ஏறி அப்படியே நின்றன. பிறகு மெல்ல இறங்கின.

"மேவிஸ்," என்றார் நீதிபதி, "இப்பவே எதுவும் சொல்லணும்னு கட்டாயமில்ல."

"சொல்லணும்," என்றாள் மேவிஸ். எழுந்து நின்றாள். திரும்பவில்லை. அந்த உத்தரவு அவளுக்கு மனப்பாடம். "அன்னைக்கி நான் யாரயும் அடிக்கணும்னு நெனக்கல அம்மா. எங்க வீட்டுக்காரரக் காணோம். அவரோட சட்டைய மாட்டிட்டு யாரோ ஒருத்தன் வந்து நிக்கறான். ஆர்வோவ எங்க மறைச்சு வெச்சிருக்கான்னு கேட்டேன். அவன் சிரிச்சான். எனக்கு ஆர்வோ வேணும். அவ்வளவுதான் அப்ப எனக்குத் தெரிஞ்சது."

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது, தும்மலை அடக்கியது மாதிரி.

"அவர் பயப்படறாருன்னு எனக்குத் தெரியும். பயமில்லன்னு ஜனவரியில எழுதிக் குடுத்தாரே, அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கம் போச்சு. இவர் மறுபடி எங்கிட்ட எதையோ மறைக்கறாரு, நல்லவரா இருக்கப் பாக்கறாருன்னு. என்னப் பாத்தா எனக்கே பயமாத்தான் இருக்கு. காலைல கண்ணாடியப் பாத்துக் கேக்கறேன், இன்னைக்கி எப்படி இருக்கன்னு." அவள் மூச்சு வாங்கினாள். "பெட்டிய அவுத்துடறேன். அவர் தூங்கட்டும். நான் விடுதியிலயே இருக்கேன். ஆனா ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"மத்தியானத்துல, நாலு பேரு இருக்கற இடத்துல, ஒருதடவ அவர் முகத்தப் பாக்கணும்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடைசிப் பெஞ்சைப் பார்த்தார். ஆர்வோ எழுந்து நின்றிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். நாடின் போய் அவர் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

அன்று கைதட்டல் இல்லை.

அடுத்த செவ்வாய் பன்னிரண்டு மணிக்கு, துறைமுகத்தை ஒட்டிய டோனா சாப்பாட்டுக் கடையில் ஒரு மணி நேரம் என்று உத்தரவு ஆயிற்று. நாடின் பதினொன்றரைக்கே போய், கல்லாவை ஒட்டிய முன்மேடையில் பட்டாணி சூப்போடு உட்கார்ந்தாள். அடிபட்டவர் கேட்டால் கூட வரலாம். ஆர்வோ கேட்டிருந்தார். அவர் இரண்டு மேஜை தள்ளி ஜன்னலோரம் இருந்தார். கடை நிறைந்திருந்தது. மரம் வெட்டுகிறவர்கள், படகைக் கரையேற்றிவிட்டுச் சும்மா இருக்கிற மீன்காரர்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரித் தடித்த பழுப்புக் கோட்டு, ஒரே மாதிரி நரைத்த தாடி. யாரோ ஒருத்தி பெற்றுப்போட்ட நாற்பது அண்ணன் தம்பிகள் மாதிரி. ஆர்வோவும் அதில் ஒருவர்.

"அவ வந்ததும் கையக் காட்டிக் கூப்பிடுங்க," என்று நாடின் முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

"மாட்டேன்," என்றிருந்தார் அவர். அதற்குமேல் அவள் வற்புறுத்தவில்லை.

விடுதி வேன் வந்து நின்றது. கதவு திறந்ததும் குளிர் ஒரு பாயாகச் சுருண்டு உள்ளே வந்தது. மேவிஸ் நுழைந்தாள். நுழைந்த கணமே அவள் கண்ணாடி இரண்டு வில்லையும் வெள்ளையாகப் புகை கட்டிவிட்டது. வாசல் பாயிலேயே நின்றுவிட்டாள். கண்ணாடியைக் கழற்றி, கம்பளிச் சட்டையின் நுனியால் துடைத்தாள். கை நடுக்கத்தில் ஒருமுறை நழுவவிட்டுப் பிடித்தாள். ஆர்வோ இரண்டு உள்ளங்கையையும் மேஜைமேல் விரித்து வைத்து அசையாமல் இருந்தார். 

மேவிஸ் கண்ணாடியை மாட்டினாள். சுவரோர மேஜைகளிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு தாடியாக, ஒவ்வொரு கோட்டாக. பார்வை ஜன்னலுக்கு வந்தது. ஆர்வோவின்மேல் பட்டது. கடந்து அடுத்த மேஜைக்குப் போயிற்று. நாடின் கையில் இருந்த கரண்டி சூப்புக்குள் நின்றுவிட்டது.

பார்வை திரும்பி வந்தது.

அவள் மேஜைகளுக்கு நடுவே நேராக நடந்து வந்து அவர் முன்னால் நின்றாள்.

"தாடிய எதுக்கு வளத்துட்ட? எலி கட்டின கூடு மாதிரி."

ஆர்வோ தாடியைத் தடவினார். "சவரக்கத்தி எங்க வெச்சேன்னு தெரியல."

"குளியலறை அலமாரி. ரெண்டாவது தட்டு. பின்னால." அவள் உட்கார்ந்தாள். "இளைச்சுட்ட. ஐலி பேஸ்டிய மட்டும் தின்னா இப்படித்தான். உப்புன்னா அவளுக்குப் பகை."

"உன் முடிய யாரு வெட்டினது?"

"விடுதியில ஒருத்தி. அவளுக்கு ஒரு கண்ணு சரியாத் தெரியாது."

"தெரியுது."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும், கேட்கவேண்டாம் என்று தீர்மானித்து வைத்திருந்ததை ஆர்வோ கேட்டுவிட்டார். "மேவிஸ், என்னைத் தெரியுதா?"

அவள் அவர் நெற்றி, மூக்கு, வளைந்து ஒட்டியிருந்த இடது காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். காதில் பார்வை தங்கியது.

"இன்னைக்குத் தெரியுது," என்றாள். "நாளைக்கி சத்தியம் பண்ண மாட்டேன் ஆர்வோ. இனிமே உங்கிட்ட பொய் சொல்றதா இல்ல."

"இன்னைக்கிப் போதும்."

வறுத்த மீன் வந்தது. அவள் அதிகம் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டு நாய் செத்ததையும், பள்ளிச் சமையலறைக்கு வந்திருக்கும் புதுப்பெண் ஓட்ஸ் கஞ்சியைக் கட்டிதட்ட விடுவதையும், இரண்டாவது சாலையில் மின்கம்பம் சாய்ந்ததையும் ஆர்வோ சொல்லிக்கொண்டே போனார். பேச்சில்லாத மனுஷர் என்று ஊரில் பேரெடுத்தவர். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாடின் சூப்பைப் பார்த்தபடி முதுகைத் திருப்பிக்கொண்டாள். இந்தக் கதையின் முடிவு தனக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நேரம் நினைத்திருந்தாள். தெரியாது. வேலை மாறியும் அது மாறவில்லை. ஆனால் இந்த முறை போன் அறுந்துபோகவில்லை, அவ்வளவுதான்.

ஒரு மணிக்கு வேன் ஹாரன் அடித்தது. மேவிஸ் எழுந்து கோட்டை மாட்டினாள். தொடலாம் என்று உத்தரவில் இல்லை. கூடாது என்றும் இல்லை. இருவருமே அதை யோசித்தது நாடினுக்குத் தெரிந்தது. மேவிஸ் கையை நீட்டாமல், நாற்காலியை மட்டும் மேஜைக்கு அடியில் தள்ளி நேராக வைத்தாள்.

"அடுத்த செவ்வாய்?"

"வரேன்."

"புயல் வரப்போகுதுன்னு ரேடியோவுல சொன்னான்."

"ரோட்டுப் பனியத் தள்ளறதே நான்தான. தள்ளிட்டே வந்துடறேன்."

அவள் போனாள். கதவு மூடி, குளிர் அடங்கி, வேன் கரையோரச் சாலையில் திரும்பி மறையும்வரை ஆர்வோ ஜன்னல் பக்கமே பார்த்திருந்தார். பரிமாறும் பெண் காப்பிக் கூஜாவோடு வந்து அவர் குவளையை நிரப்பிவிட்டு, மேவிஸ் பாதி குடித்து வைத்திருந்த குவளையை எடுக்கக் கை நீட்டினாள்.

"அது இருக்கட்டும்மா," என்றார் ஆர்வோ. "இன்னும் கொஞ்ச நேரம்."